ஓட்டோவில் போன குரல்

சாந்தோமில் நான் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலை எட்டு மணி இருக்கும். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. தெருமுனையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று மெதுவாக வரும் சத்தம் கேட்டது. என் கை தானாக அடுப்பை அணைத்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கி ஓடினேன். கேட்டுக்கு வெளியே நின்று தலையைக் குனிந்துகொண்டேன். அந்தத் தெருவில் எனக்கு ஒருவரையும் தெரியாது. ஆனாலும் யார் போய்விட்டார்களோ என்று பெயருக்காகக் காத்திருந்தேன். ஆட்டோ பக்கத்தில் வந்தது. "கேஸ் அடுப்பு ரிப்பேர், குக்கர் ரிப்பேர், மிக்ஸி கிரைண்டர் ரிப்பேர், உங்கள் வீட்டு வாசலிலேயே செய்து தரப்படும்" என்று பதிவு செய்த ஆண்குரல் ஒன்று பாடாத குறையாகச் சொன்னது. குனிந்த தலையோடு நிற்கும் என்னைப் பார்த்து ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார்.

"இன்னாக்கா, குக்கரா, அடுப்பா?"

"இல்லை, சும்மாதான் நிக்கிறன்."

"சும்மாவா? வேலை கீதுன்னுல்ல வண்டிய நிறுத்தினேன்" என்று அலுத்துக்கொண்டு போய்விட்டார். மேலே வந்து பார்த்தால் பருப்பு பாதி வெந்தும் வேகாமலும் ஆறிக் கிடந்தது. சென்னையில் நான் அனுஷ்டித்த முதல் துக்கம் யாருடைய குக்கருக்கோ.

மன்னாரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் ஏன் இறங்கி ஓடினேன் என்று விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் காலை வேளையில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ மெதுவாக வருகிறது என்றால் யாரோ இறந்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்திருப்பவர்கள் மூடுவார்கள். பல் துலக்கிக்கொண்டிருப்பவர்கள் வாயில் நுரையோடு வாசலுக்கு வருவார்கள். அறிவித்தல் முடிந்து ஓட்டோ தெருக்கோடி முடக்கால் திரும்பும்வரை ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அந்த அறிவித்தல்களை வாசித்தவள் நான். பத்தொன்பது வயதில் தொடங்கி பதினாறு வருடம், கடைத்தெருவில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கடையில் உட்கார்ந்து வாசித்தேன். அந்தக் கடைக்காக ஓட்டோ ஓட்டியவர் என் அப்பா. நான் பதிந்து கொடுப்பதை அவர் ஊர் முழுக்கக் கொண்டுபோவார். என்ன தொழில் என்று யாராவது கேட்டால், "மகள் சொல்லுறா, நான் கொண்டுபோறன்" என்பார்.

அறிவித்தல் வாசிப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருதரம் வாசித்துப் பார்க்கட்டும். இன்னாரின் அன்பு மகனும், காலஞ்சென்ற இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னார் ஆகியோரின் பாசமிகு தந்தையும் என்று அது ஒரே வசனமாக ஒரு பக்கம் போகும். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாடு இருக்கும். கனடா, பிரான்ஸ், சுவிஸ். அடைப்புக்குறியை வாசிக்க முடியாது. ஆனால் அது அங்கே இருப்பது கேட்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். பெயரையும் நாட்டையும் ஒரே மூச்சில் சொன்னால் கனடா என்பது அந்தப் பிள்ளையின் தகப்பன் பெயர்போல் ஆகிவிடும். பெயரைச் சொல்லி, ஒரு மூச்சளவு விட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி நாட்டைச் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கு எங்கள் கடை வழக்கப்படி அடைப்புக்குறி கிடையாது. போனவர்களுக்கு மட்டும்தான்.

இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அப்பாவின் ஓட்டோவுக்குப் பின்னால் சைக்கிளில் போய், என் குரலை நானே கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். மன்னார்க் காற்றில் சொல்லின் கடைசி எழுத்துத்தான் முதலில் தொலையும். அதனால் அதைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும். குரல் நடுங்கக் கூடாது. அழுவது வீட்டுக்காரரின் வேலை, வாசிக்கிறவளின் வேலை இல்லை. என் இருபத்தேழாவது வயதில் அம்மா போனபோதும் நான்தான் வாசித்தேன், நடுங்காமல். அப்பாதான் ஓட்டினார், எங்கும் நிறுத்தாமல். மத்தியானம் திரும்பி வந்து ஓட்டோவை வாசலில் விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வடிவாய் வாசிச்சாய் பிள்ளை. என்ரையையும் நீதான் வாசிக்க வேணும்."

"ஓம்" என்றேன். சீனி வாங்கி வரச் சொன்னால் சரி என்று சொல்கிற ஓம்தான் அது. ஆனால் அப்பா அதை மறக்கவில்லை.

பதினாறு வருடம் இறந்தவர்களைப் பற்றியே பேசியவளுக்கு என்ன ஆசை வரும்? உயிரோடு இருக்கிற ஒருத்தியாகப் பேசிப் பார்க்க வேண்டும் என்று வந்தது. கல்யாணம் பேசி வந்தவர்கள்கூட, அறிவித்தல் வாசிக்கிற பெண் என்று தெரிந்ததும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு மெல்ல எழும்பிவிடுவார்கள். தொலைக்காட்சியில் இந்தியில் இருந்து தமிழுக்கு மாற்றிய தொடர் ஒன்று போகும். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த நடிகையின் வாய் ஒருத்தியுடையது, குரல் இன்னொருத்தியுடையது என்று உறைத்தது. அந்த இன்னொருத்தி சென்னையில் ஏதோ ஒரு அறையில் நின்று கோபப்படுகிறாள், கொஞ்சுகிறாள், வயிறு குலுங்கச் சிரிக்கிறாள். நான் மைக்குக்கு முன்னால் ஒருநாளும் சிரித்ததில்லை. என் கனவு பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பெயருள்ள பாத்திரத்துக்குக் குரல் கொடுக்க வேண்டும், அவள் சிரிக்கிறவளாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். விசாக் கதையை இங்கே எழுதப்போவதில்லை. தொடங்கினால் இந்தக் கட்டுரை அதற்கே போதாது. கிளம்பும் நாளில் அப்பா தன் ஓட்டோவிலேயே என்னைப் பஸ் நிலையம்வரை கொண்டுவந்து விட்டார். "போ, போய்ச் சிரி. ஆனா அந்த ஓம் ஞாபகம் இருக்கட்டும்" என்றார். எந்த ஓம் என்று கேட்காத மாதிரி பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

தி.நகரில் கூட்டம் தோளோடு தோள் உரசிப் போகும் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. துணிக்கடைக் கிடங்கு ஒன்றுக்கு மேலே, இரண்டாம் மாடியில் அந்த டப்பிங் ஸ்டூடியோ. ஒலிப்பதிவாளர் நசீர் பாய். தலைமுறை தலைமுறையாக மயிலாப்பூர்ப் பக்கம் இருக்கிற குடும்பம். வீட்டோடு போனில் உருது பேசுவார், எங்களோடு அசல் சென்னைத் தமிழ். குரல் பரீட்சைக்கு ஒரு வசனம் கொடுத்தார். பல வருடம் கழித்து வீட்டுக்கு வந்த மகனைத் தாய் வரவேற்கிறாள்: "வாடா கண்ணா, எப்படா வந்த? சாப்பிட்டியா?" என் திறமை முழுவதையும் காட்டிவிட வேண்டும் என்று மூச்சை அளந்து, கடைசி எழுத்துகளை இழுத்துப் பிடித்து, குரல் நடுங்காமல் வாசித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கை மேலே எழுந்து நிறுத்தச் சொன்னது. பிறகு ஹெட்ஃபோனில் நசீர் பாயின் குரல் வந்தது.

"யம்மா, புள்ள உயிரோட வந்துக்கினு கீறான்மா. நீ சொல்றத பாத்தா தூக்கற நேரத்த சொல்ற மாதிரி கீது."

இன்னொன்று வாசித்துப் பார் என்று சோப்பு விளம்பரம் ஒன்றைக் கொடுத்தார். அதையும் வாசித்தேன்.

"போச்சு. சோப்பும் போயிடுச்சா?" என்றார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள்தான் செல்வி. பட்டினப்பாக்கத்துக்காரி, அந்த ஸ்டூடியோவில் பத்து வருடமாகக் குரல் கொடுக்கிறவள். நான் படியிறங்கும்போது பின்னாலேயே வந்தாள். "யக்கா, ஃபீல் பண்ணாத. க்ரவுடுக்கு வந்து நில்லு. அங்க உன்ன தனியா எவனும் கேக்க மாட்டான்" என்றாள்.

க்ரவுட் என்பது கூட்டச் சத்தம். கல்யாண மண்டபம், சந்தை, ஆஸ்பத்திரி வராந்தா என்று எங்கே கூட்டம் வந்தாலும், ஐந்தாறு பேர் ஒரு மைக்கைச் சுற்றி நின்று வாய்க்கு வந்ததைப் பேச வேண்டும். ஒரே ஒரு விதிதான். யாருடைய குரலும் தனியாகத் தெரியக் கூடாது. இதுகூடச் செய்ய முடியாதா என்று நினைத்துப் போனேன். முதல் நாள் கல்யாண வீடு. "வாங்கோ வாங்கோ, இருங்கோ" என்று நானும் கூட்டத்தோடு கூட்டமாகச் சொன்னேன். நசீர் பாய் பதிவை நிறுத்தினார். "யாரு அது? பொண்ணு ஊட்டுக்காரங்க சிலோன்லேந்து வந்துக்கிறாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை. எங்கே போனாலும் "நீங்க கேரளாவா?" என்று கேட்கிற இந்த ஊரில், நான் எங்கிருந்து வருகிறேன் என்று சரியாகக் கண்டுபிடித்த முதல் ஆள் அவர்தான். ஆனால் கூட்டத்தில்கூட ஒளிந்துகொள்ளத் தெரியாதவள் என்பது அன்று பஸ்ஸில் திரும்பும்போது என்னை வாட்டியது.

அதன் பிறகு வெறியோடு பழகினேன். பட்டினப்பாக்கத்தில் இருந்து தி.நகர் போகும் பஸ்ஸில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து காதைத் தீட்டி வைத்துக்கொள்வேன். தங்கையோடு போனில் சண்டை போடுகிறவள், பக்கத்துச் சீட்டுக்காரியிடம் மருமகளைப் பற்றி ஆற்றாமையைக் கொட்டுகிறவள், கண்டக்டரிடம் இறங்கும் இடத்தை மூன்று தரம் கேட்கிறவள். ஒவ்வொருத்தியும் எங்கே மூச்சு விடுகிறாள், எந்தச் சொல்லை மெல்லுகிறாள், எதை விழுங்குகிறாள் என்று பார்த்து உதட்டுக்குள் திருப்பிச் சொல்லுவேன். ஒருநாள் பக்கத்தில் இருந்த பூக்காரம்மா என் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டு வந்தாள். லஸ்ஸில் இறங்கும்போது என் தோளைத் தொட்டாள். "ஜெபமா பண்ற? என் புள்ளைக்கு வேலை கெடைக்கணும்னு அதையும் சேத்து சொல்லிக்கோ" என்றாள். நான் சொல்லிக்கொண்டிருந்தது முன் சீட்டுக்காரி தன் நாத்தனாரைத் திட்டிய வசை. அன்று மிச்ச வழி முழுவதும் அந்த அம்மாவின் பிள்ளைக்காக உண்மையிலேயே ஜெபித்தேன், குற்ற உணர்ச்சியில்.

அந்த பஸ்ஸின் கண்ணாடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. முப்பதே நாளில் ஆளுமை வளர்ச்சி, உங்கள் திறமைதான் உங்கள் கனவுக்கு முதலீடு, வகுப்பு நடக்கும் இடம் நந்தனம். கோட்டுப் போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். தினமும் அவரோடு மனதுக்குள் மல்லுக்கட்டுவேன். அவர் சொல்வது பொய் இல்லை. வீட்டையும் வளவையும் தூக்கிக்கொண்டு வர முடியாத எனக்கு, விமான நிலையத்தில் யாரும் திறந்து பார்க்காமல் கொண்டுவர முடிந்த ஒரே சாமான் குரல்தான். அதைத் தீட்டினால்தான் சோறு, அதைத் தீட்டினால்தான் கனவு. ஆனால் திறமையை வளர்ப்பது பயணப் பெட்டியில் இன்னொரு சட்டையை வைப்பது மாதிரி என்று அந்த ஆள் நினைக்கிறார். பெட்டி அதே அளவுதான். புதிதாக ஒன்றைத் திணிக்கும்போது உள்ளே வேறு ஏதோ கசங்குகிறது. எது கசங்குகிறது என்று திணிக்கும்போது தெரிவதில்லை. வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் தலையாட்டுவீர்கள் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றிலும் கஷ்டம் சிரிப்புதான். கோபத்தைத் தனியாகப் பழகலாம். அழுகையையும் பழகலாம். சிரிப்பதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். எனக்கு ஆள் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துச் சிரித்தேன். முதலில் சின்னதாக, பிறகு தொண்டையைத் திறந்து, பிறகு மூச்சு முட்டுகிற மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பிலோமினா டீச்சர் கதவைத் தட்டினார். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் அவர். பரம்பரையாகச் சாந்தோம் பங்கு, பள்ளிக்கூட ஆசிரியை, தங்கமான மனுசி. அறை தரும்போதே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வெளியாட்கள் வரக் கூடாது.

"ஏம்மா, மேல யாராச்சும் வந்திருக்காங்களா?"

"இல்லை டீச்சர், ஒருத்தரும் இல்லை."

டீச்சர் என் தோளுக்கு மேலால் அறையைப் பார்த்தார். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு நாற்காலி.

"அப்ப யாரோட சிரிச்சிட்டிருந்தீங்க?"

வேலைக்காகப் பழகுகிறேன் என்று சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சந்தேகம் போய் வேறொன்று வந்தது. யாராவது வந்திருந்தால் பரவாயில்லை என்று அவர் நினைத்தது போல இருந்தது. அன்று மத்தியானம் ஒரு கிண்ணத்தில் மீன்குழம்பு கொடுத்தனுப்பினார். அதைச் சாப்பிடும்போது எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையைப் பழகத் தேவை இருக்கவில்லை.

விடுமுறை நாட்களில் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போவேன். வாசிக்க மட்டும் அல்ல. அங்கே யாரும் பேசக் கூடாது. ஐந்தாறு மணிநேரம் இத்தனை பேருக்கு நடுவில் இருந்தாலும் யாரும் என்னைக் கேரளாவா என்று கேட்கமாட்டார்கள், நானும் யாருடைய மூச்சையும் களவெடுக்கத் தேவையில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தின் மேல் தலையை வைத்துத் தூங்குவார்கள். அவர்களையும் என்னையும் யாரோ தூரத்தில் இருந்து நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்ற ஒரு சொந்தத்தை எனக்குள்ளேயே வைத்துக்கொள்வேன்.

இரண்டரை வருடம் போனது. ஒருநாள் ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்குப் பேசி முடித்து வெளியே வந்தபோது, "இன்னிக்கு நீ வந்தியா இல்லையான்னே தெரில" என்றார் நசீர் பாய். அவர் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அடுத்த மாதம் ஒரு தொடரில் சியாமளா சித்தி என்கிற பாத்திரம் எனக்கு வந்தது. கதாநாயகியின் பக்கத்து வீட்டுக்காரி. எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள். முதல் நாள் பதிவில் அவள் பூரிக்கட்டையோடு ஓடிவந்து வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரிக்கிறாள். நான் சிரித்தேன். ஒரே டேக்கில் முடிந்தது. செல்வி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். "யக்கா, பக்கா மெட்ராஸ் பொம்பள ஆயிட்ட நீ!" சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு எனக்கென்று பிரியாணி வாங்கிக்கொண்டு போனேன்.

அந்தத் துண்டை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் காலை பேசினார். ஓட்டோவில் இருந்துதான் பேசினார், இயந்திரச் சத்தம் கேட்டது.

"பாத்தனான். நல்லாச் சிரிக்கிறா அந்த மனுசி."

"அது நான்தான் அப்பா."

"ஓம், விளங்குது. ஆனா இதிலை நீ எங்கை பிள்ளை? நானும் ரெண்டு மூண்டு தரம் போட்டுப் பாத்தன்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. தொலைந்த சாமானைத் தேடுகிறவர் மாதிரிக் கேட்டார். அந்த ஓமைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பேசலாம் என்று இலங்கைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தேன். அது கொழும்புக்குப் போயிருந்த நேரம்தான் அப்பா போனார். காலையில் ஓட்டோவைத் துடைக்கப் போனவர் பின் சீட்டில் சாய்ந்திருந்திருக்கிறார், தூங்குகிறார் என்று வீட்டில் இருந்த என் அண்ணன் நினைத்திருக்கிறான். என் பாஸ்போர்ட் நாட்டில் இருந்தது. நான் இங்கே இருந்தேன். யாழ்ப்பாணம் பலாலிக்கு இங்கிருந்து ஒரு மணிநேரப் பறப்பு என்று எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

அண்ணன் போனில் அழுதான். பிறகு அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னான். "கடையிலை புதுப் பெட்டை ஒண்டு வாசிக்கிறா. ஆனா அப்பா உன்னைத்தான் சொன்னவர். நீ வாசிச்சு அனுப்பு. பன்னிரண்டு மணிக்கு ஓட்டோ வெளிக்கிடும்."

என் அறையில் பதிய முடியாது, தெருச் சத்தம் விழும். ஒன்பது மணிக்கு ஸ்டூடியோவில் நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் நசீர் பாய் காலைப் பதிவுக்கு வந்திருந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். அண்ணன் அனுப்பியதைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். அந்தோனிப்பிள்ளை சவிரிமுத்து அவர்கள் இன்று காலமானார் என்று தொடங்கினேன். நடுங்கவில்லை. ஒரு பிழையும் விடாமல் முடித்தேன். நசீர் பாய் அதைத் திருப்பிப் போட்டார். ஹெட்ஃபோனில் கேட்ட குரல் தெளிவாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. சியாமளா சித்தி என் அப்பாவின் மரணத்தை அறிவித்துக்கொண்டிருந்தாள்.

திரும்ப வாசித்தேன். இந்தமுறை ஊர்க் குரலைத் தேடிப் பிடித்து வாசித்தேன். அது இன்னும் மோசம். இங்குள்ள நடிகை ஒருத்தி சிலோன்காரி வேஷம் கட்டியது மாதிரி இருந்தது. தேடிப் பிடிக்க வேண்டிய இடத்துக்கு அது போய்விட்டது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நான் பட்ட தனிமையை இதற்கு முன்னும் பட்டதில்லை, இனியும் படக் கூடாது. அப்பா ஒரு அறிவித்தலை மட்டும்தான் என்னிடம் கேட்டார். அதை வாசிக்க என்னிடம் குரல் இல்லை. பதினாறு வருடம் யார் யாருக்கோ இருந்தது.

"தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றார் நசீர் பாய்.

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடினேன். ஊரையும் நினைக்கவில்லை, சென்னையையும் நினைக்கவில்லை. காற்றை மட்டும் நினைத்தேன். ஓட்டோ எந்த வேகத்தில் போகும், கடற்கரை வீதியில் எந்த எழுத்து தொலையும் என்று மட்டும். அந்தக் கணக்குக்கு ஏற்ப வாசித்தேன். அது எந்த ஊர்க் குரல் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகளின் பெயருக்கு வந்தேன். அல்பிரட். அண்ணனுக்கு அடைப்புக்குறி இல்லை. அடுத்தது என் பெயர். எத்தனையோ பேரின் பிள்ளைகளுக்கு விட்ட அந்த ஒரு மூச்சை எனக்கு நானே விட்டேன். பிறகு நாட்டைச் சொன்னேன்.

முடிந்ததும் நசீர் பாய் ஹெட்ஃபோனைக் கழற்றினார். "ஒண்ணு கேக்கவாம்மா? உன் பேருக்கு அப்புறம் இன்னாத்துக்கு இந்தியா? இங்கதானே கீற?"

"அது அங்க கேக்கிறவங்களுக்கு பாய்."

"அவங்களுக்குத் தெரியாதா நீ எங்க கீறேன்னு?"

"தெரியும். ஆனாலும் சொல்லணும். முறை."

அவர் புரிந்தமாதிரித் தலையாட்டினார், புரியவில்லை. திரையில் ஒலி அலையைப் பார்த்துக்கொண்டே, "நடுவுல ஒரு மூச்சு சத்தம் பெருசா வுழுந்துக்குது. கட் பண்ணிடவா?" என்றார். மூச்சுச் சத்தத்தை வெட்டுவது அங்கே தினசரி வேலை. சியாமளா சித்தியின் மூச்சை அவர் ஆயிரம் தரம் வெட்டியிருப்பார்.

"வேணாம் பாய். அது இருக்கட்டும்."

மத்தியானப் பதிவை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், வீட்டுக்குப் போ என்று அவரே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். சாந்தோம் வந்து சேரும்போது அண்ணன் வீடியோ இல்லாமல் வெறும் அழைப்பில் வந்தான். "இப்ப எங்கட தெருவுக்கு வருகுது. நான் வாசலிலைதான் நிக்கிறன். போனை நீட்டிப் பிடிக்கிறன், கேள்" என்றான். அப்பாவின் ஓட்டோவைப் பக்கத்து வீட்டு மரியதாஸ் அண்ணன் ஓட்டுகிறாராம். நான் மாடி ஏறவில்லை. கேட்டுக்கு வெளியே, முன்பு குக்கருக்காக நின்ற அதே இடத்தில், போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன்.

முதலில் காற்று மட்டும் கேட்டது. பிறகு ஒரு கழுதை கத்தியது. எங்கள் ஊர்த் தெருக்களில் கழுதைகள் அவிழ்ந்து திரியும். பிறகு எங்கோ தூரத்தில், தண்ணீருக்கு அடியில் இருந்து வருவதுபோல, ஒரு பெண்குரல். கிட்ட வந்தது. காலமானார் என்றது. அன்புக் கணவரும் என்றது. ஒரு கடைசி எழுத்தும் தொலையவில்லை. எங்கள் வாசலுக்கு நேரே வந்தபோது அல்பிரட் என்றது. றெஜினா என்றது. பிறகு ஒலிபெருக்கியில் என் மூச்சுக் கேட்டது. தெரு முழுக்கக் கேட்கும்படி நான் மூச்சு விட்டேன். அதன் பிறகு இந்தியா என்றது. ஓட்டோ நகர்ந்து போய் முடக்கால் திரும்பும்வரை அங்கே ஒருவரும் பேசவில்லை. சாந்தோமில் நானும் பேசவில்லை.

சத்தம் தேய்ந்ததும் அண்ணனுக்குப் பக்கத்தில் ஒரு வயதான பெண்குரல் கேட்டது. "ஆர் தம்பி வாசிச்சது? வெளியாளோ?"

"எங்கட றெஜினா" என்றான் அண்ணன்.

"றெஜினாவோ? அவ இப்பிடியோ கதைக்கிறவ?"

 போனில் அண்ணனின் மூச்சு எனக்குக் கேட்டது.

"இப்ப இப்பிடித்தான்" என்றான்.

நான் கேட்டுக்கு வெளியே இன்னும் தலையைக் குனிந்தபடிதான் நின்றேன்.